நகரத்துச் சின்னக் கார்கள் – 7: கண்ணாடி இறங்காத கார்

1957 ஜூலை 4. இத்தாலியின் டூரின் நகர வீதிகளில் புத்தம்புதுக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போயின. ஃபியட் கம்பெனி அன்றுதான் அவற்றை வெளியிட்டிருந்தது. முட்டையைப் படுக்கை வசத்தில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற உருவம். தலைக்கு மேலே தகரம் இல்லை, சுருட்டி விடக்கூடிய துணிக் கூரை. தலை முதல் வால் வரை 2.97 மீட்டர், நம் அம்பாசிடரின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு மீட்டருக்கும் மேல் குட்டையாக இருக்கும். பெயர் நுவோவா சிங்குவெசெந்தோ, அதாவது புதிய ஐந்நூறு.

ஐரோப்பியச் சின்னக் கார் என்றதும் இன்று எல்லோர் மனத்திலும் வந்து நிற்பது இந்தக் கார்தான். அதனால் பிறந்த அன்றே உலகம் இதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மை வேறு. முதல் சில மாதங்கள் ஐந்நூறு விற்கவில்லை. பார்க்க வந்தவர்கள் பலர் வாங்காமலே திரும்பினார்கள். ஏன் திரும்பினார்கள், பிறகு என்ன நடந்தது என்பதை இந்த வாரம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மலிவாக ஒரு பொருளைச் செய்ய நினைக்கிற எவருக்கும் இந்தச் சில மாதங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

சென்ற வாரம் 1936-இல் வந்த டோப்பொலினோவைப் பார்த்தோம். 569 சிசி, 13 குதிரைசக்தி, இரண்டே பேர் உட்காரும் கார். மிக்கி மவுஸுக்கு இத்தாலிக்காரர்கள் வைத்த பெயர் அதற்கும் வந்தது என்பதையும் சொன்னேன். அதை வடிவமைத்த தாந்தே ஜாகோசாதான் இந்த வாரமும் நம் நாயகர். 1905-இல் ரோமில் பிறந்தவர்; குடும்பத்துக்குப் பூர்விகம் பியெட்மான்ட் மலைச்சரிவில் உள்ள நெய்வே என்ற ஊர். டூரின் பாலிடெக்னிக்கில் 1927-இல் பட்டம் வாங்கியவர். டோப்பொலினோவை வரைந்தபோது முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர்ச் சாலைகளில் பியட் என்றும் பிறகு பத்மினி என்றும் ஓடியதே, அந்த 1100-இன் மூலக் காரும் இவர் மேற்பார்வையில் உருவானதுதான். பம்பாய் டாக்ஸியில் ஒரு தடவையாவது ஏறியவர்கள் ஜாகோசாவின் கைவேலைக்குள் உட்கார்ந்து போனவர்கள்.

போர் முடிந்தபோது இத்தாலியில் கார் என்பது மிகச் சிலருக்கு உரியதாகவே இருந்தது. 1946-இல் வெஸ்பா வந்தது, அடுத்த ஆண்டு லாம்ப்ரெட்டா. அப்பா ஓட்ட, முன்னால் பையன் நிற்க, பின்னால் அம்மா மடியில் குழந்தையோடு உட்கார, குடும்பமே ஒரு ஸ்கூட்டரில் போகும் காட்சி நமக்குப் புதிதல்ல. மழையிலும் பியெட்மான்ட்டின் பனிக் குளிரிலும் அப்படிப் போனவர்களை நான்கு சக்கரத்துக்கு, ஒரு கூரையின் கீழ், கொண்டுவர வேண்டும். ஃபியட்டின் தலைவர் வித்தோரியோ வல்லெத்தா ஜாகோசாவிடம் கேட்டது இதைத்தான்.

முதல் விடை ஃபியட் 600. 1955 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் வெளிவந்தது. நான்கு பேர் உட்காரலாம், எஞ்சின் பின்னால், 633 சிசி, தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர், விலை 5,90,000 லிரா. எஞ்சினைப் பின்னால் தள்ளியதற்குக் காரணம் எளிது. முன்னால் எஞ்சின் இருந்து பின்சக்கரத்தை ஓட்டினால், சக்தியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு காரின் நடுவயிற்றில் ஓடவேண்டும். அதற்கு மேலே தரை மேடாகும், மேட்டில் கால் இடிக்கும். எஞ்சினையும் ஓடும் சக்கரத்தையும் ஒரே பக்கம் வைத்துவிட்டால் தண்டுக்கு வேலை இல்லை. அந்த இடம் மனிதர்களின் கால்களுக்குக் கிடைக்கும். 600 நன்றாக ஓடியது. ஸ்பெயினில் சியாட் 600 என்றும், யூகோஸ்லாவியாவில் ஸாஸ்தாவா என்றும் அந்தந்த நாட்டு மக்களின் முதல் கார் ஆனது. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இப்போது நமக்கு அவசரம்.

ஏனென்றால் ஸ்கூட்டரில் போகிறவனுக்கு 600-ம் எட்டவில்லை. அதற்கும் கீழே ஒரு படி வேண்டியிருந்தது. இந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து டூரினுக்கு ஒரு வரைபடம் வந்தது. வைன்ஸ்பெர்க்கில் இருந்த ஃபியட்டின் ஜெர்மன் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஹான்ஸ் பீட்டர் பாவ்ஹோஃப் என்ற இளைஞர் தாமாகவே வரைந்து அனுப்பியது: பின்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின், இரண்டு பேருக்கு இடம், ஃபோக்ஸ்வாகன் வண்டைச் சுருக்கியது போன்ற உடல். அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஜாகோசா ஏற்கவில்லை. உடலின் கட்டமைப்பு அவருக்குப் பிடித்தது. எங்கோ மூலையில் இருக்கும் ஒரு தொழிலாளியின் தாளைத் தலைமை வடிவமைப்பாளர் எடுத்துப் பிரித்துப் பார்த்தார் என்பதே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதையை உண்டாக்குகிறது.

ஜாகோசாவுக்கு ஒரு கணக்கு கைவந்திருந்தது. காரின் விலை எடையின் பின்னாலேயே போகும். எடையைக் குறைத்தால் இரும்பு மிச்சம், பெட்ரோல் மிச்சம், சின்ன எஞ்சின் போதும், சின்ன பிரேக் போதும். ஒன்றைக் குறைக்க, அது இன்னொன்றைக் குறைக்கும். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது இல்லாமல் முடியுமா என்று கேட்டார். நான்கு சிலிண்டர் வேண்டாம், இரண்டு போதும். தண்ணீர் வேண்டாம், காற்றே குளிரவைக்கட்டும். ரேடியேட்டர் போயிற்று, ரப்பர் ஹோஸ் போயிற்று, குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும் பயமும் போயிற்று. 479 சிசி, 13 குதிரைசக்தி, மணிக்கு 85 கிலோமீட்டர். உடலின் வளைவுகளைக்கூட வெளியிலிருந்து ஒரு அலங்கார வடிவமைப்பாளரைக் கூப்பிட்டு வரையச் சொல்லவில்லை. முழு அளவு மாதிரி செய்து ஜாகோசாவே வடித்தார். தட்டையான தகரத்தைவிட வளைந்த தகரம் பலம் கூடியது. மெல்லிசாக இருந்தாலும் தாங்கும். இன்று நாம் அழகு என்று ரசிக்கும் அந்த உருண்டையில் இரும்பை மிச்சம்பிடிக்கிற கணக்கும் இருக்கிறது.

துணிக் கூரையும் அப்படித்தான். விளையாட்டுக்கு வைத்த ஆடம்பரம் இல்லை அது. இரண்டு பிஸ்டனும் சேர்ந்து மேலே போய்ச் சேர்ந்து கீழே வரும் எஞ்சின், உள்ளே உட்கார்ந்தவர்கள் காதுக்குப் பின்னாலேயே அதிரும். மூடிய தகரப் பெட்டிக்குள் அந்த அதிர்வு தவிலுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். மேலே துணி இருந்தால் சத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். எடையும் குறையும், காசும் குறையும், காற்றும் வரும்.

இவ்வளவு சரியாக யோசித்த கார் ஏன் தேங்கியது?

குறைத்துக்கொண்டே போன கை சரியான இடத்தில் நிற்கவில்லை. 1957 ஜூலையில் வந்த அந்தக் காரில் கதவுக் கண்ணாடி இறங்காது. முன்மூலையில் உள்ள முக்கோணக் கண்ணாடியை மட்டும் திருப்பிக் கொஞ்சம் காற்று வாங்கலாம். பின்னால் இருந்தது மெத்தை இல்லாத ஒரு பலகை மேடை. பெட்டி வைக்கலாம், ஆளை உட்காரவைத்தால் இடுப்பு போய்விடும். சக்கரங்களுக்கு மூடி இல்லை. பளபளக்கும் பட்டை ஒன்றுகூட இல்லை. விலை 4,90,000 லிரா. ஒரு ஆலைத் தொழிலாளி ஓர் ஆண்டு முழுக்கச் சம்பளத்தைத் தொடாமல் சேர்த்தாலும் போதாது.

அந்தத் தொழிலாளியின் இடத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். அவர் கார் வாங்குவது வேலைக்குப் போக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் எங்கே உட்காரும்? அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்க்கும்போது, மொட்டைச் சக்கரத்தோடு நிற்கும் வண்டி எப்படி இருக்கும்? ஆகஸ்ட் வெயிலில் கண்ணாடியை இறக்க முடியாமல் வியர்க்கும் மனைவிக்கு என்ன பதில் சொல்வது? இன்னும் கொஞ்சம் கடன் வாங்கினால் நான்கு பேர் முறையாக உட்காரும் 600 கிடைக்கும். இல்லையென்றால் ஸ்கூட்டரையே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம். இரண்டுக்கும் நடுவில், இது உனக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிக்கொண்டு நின்ற கார் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

காசு இல்லாதவருக்குக் கௌரவம் வேண்டாம் என்று வடிவமைப்பாளர் மேசையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு குறைப்பும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு பொருளாகி வாசலில் வந்து நிற்கும்போது, அது வாங்குபவரைப் பார்த்து என்ன சொல்கிறது என்பது வாங்குபவருக்கு மட்டும்தான் கேட்கும்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்துவிட்டோம். 2009-இல் சாலைக்கு வந்த நானோவும் பின்பக்கம் இரண்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த, ஸ்கூட்டர் குடும்பத்தைக் காருக்குள் கொண்டுவர நினைத்த கார்தான், 624 சிசி. அதன் உருவத்தை வரைந்ததில் டூரினைச் சேர்ந்த வடிவமைப்பு நிறுவனம் ஒன்றுக்குப் பங்கு உண்டு. முதலில் வந்த நானோவுக்குப் பின்கதவு திறக்காது. அதையெல்லாம்கூட ஜனங்கள் பொறுத்திருப்பார்கள்; உலகத்திலேயே மலிவான கார் என்று அதன் நெற்றியில் ஒட்டிய பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். எஞ்சின் கணக்கில் எவ்வளவு அழகான கார் அது! நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஃபியட் செய்த நல்ல காரியம், உடனே இறங்கி வந்தது. அதே 1957-இன் இலையுதிர் காலத்திலேயே காரைத் திருத்தினார்கள். சுற்றி இறக்கும் கண்ணாடி வந்தது. சக்கர மூடி வந்தது. பக்கவாட்டில் பளபளப் பட்டை வந்தது. பின்மேடைக்கு மெத்தை வந்தது. எஞ்சின் 15 குதிரைசக்தி ஆனது. இத்தனைக்கும் விலை அதே 4,90,000. பழைய மொட்டை உடலை விரும்புகிறவர்களுக்குப் புது எஞ்சினோடு 4,65,000-க்கு ஒரு மாடலும் கொடுத்தார்கள். சேர்த்தவை எல்லாம் சில்லறைச் சாமான்கள். அவை வந்த பிறகுதான் அது ஒரு குடும்பத்தின் கார் ஆனது.

இந்த எஞ்சின் தாங்காது என்ற பேச்சை அடைத்தவர் கார்லோ அபார்த். வியன்னாவில் பிறந்து டூரினில் பட்டறை போட்ட கார்ப்பந்தய மனிதர். 1958 பிப்ரவரியில், கொஞ்சம் பழக்கி எடுத்த ஒரு ஐந்நூறை மோன்ஸா பந்தயத் தடத்தில் இறக்கினார். ஓட்டுநர்கள் மாறி மாறி உட்கார, ஏழு பகல் ஏழு இரவு, 168 மணி நேரம் ஓடியது. 18,000 கிலோமீட்டருக்கு மேல். சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். பிப்ரவரிக் குளிரில், தூங்காமல், ஒரு தையல் மெஷின் அளவு எஞ்சின். இந்தக் காரைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த ஏழு நாளில்தான் நான் வந்து நின்றுவிடுகிறேன்.

இனி உங்களை உள்ளே உட்காரவைக்கிறேன். கதவின் கீல் பின்பக்கம் இருக்கிறது; அதனால் கதவு முன்விளிம்பிலிருந்து திறக்கும், வீட்டு அலமாரி மாதிரி. ஏற வசதி, ஓடும்போது தாழ் விட்டுப்போனால் காற்று கதவைப் பிடுங்கிவிடும். 1965-இல்தான் இதை மாற்றினார்கள். முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் இருக்காது. பெட்ரோல் டாங்க், ஸ்டெப்னி, பாட்டரி. சாமான் வைக்க அங்கே ஒரு கைப்பைக்குத்தான் இடம்.

சாவியைத் திருப்புங்கள். கார் கிளம்பாது, சிவப்பு விளக்கு மட்டும் எரியும். இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர் குச்சிக்குப் பின்னால், விரல் நீளத்தில் இரண்டு சின்ன நெம்புகோல்கள் இருக்கின்றன. ஒன்று சோக், ஒன்று ஸ்டார்ட்டர். குளிர் காலை என்றால் முதலில் சோக்கைத் தூக்க வேண்டும். பிறகு ஸ்டார்ட்டரைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் தடதடவென்று பிடித்துக்கொள்ளும். கார் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி அடங்கும். எஞ்சினைக் குளிரவைத்துச் சூடான காற்று நடுக்குழாய் வழியே காலடிக்கு வரும். குளிர்காலத்தில் அதுதான் ஹீட்டர். லேசான எண்ணெய் வாசனையும் கூடவே வரும்.

கியரில்தான் வித்தை. நான்கு கியர், பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் எதிலும் கிடையாது. மேலே போகும்போது சமாளித்துவிடலாம். கீழே இறக்கும்போது கிளட்சை அமுக்கி நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை அமுக்கிக் கியரைப் போட வேண்டும். இல்லையென்றால் பற்கள் அலறும். நம் பழைய லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் என்று சொல்வார்களே, அதேதான். இத்தாலியில் இதற்குப் பெயர் தொப்பியெத்தா. ஒரு தலைமுறையே இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றது. ஆகவே கடைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கும் லாரி டிரைவரின் காது வாய்த்திருந்தது. எஞ்சின் சத்தத்தின் சுருதி எந்த இடத்தில் வரும்போது கியர் வழுக்கிக்கொண்டு விழும் என்று கால் தானாகவே கற்றுக்கொள்ளும். அந்த ஒரு கணம் சரியாக அமைந்துவிட்டால் கிடைக்கும் திருப்தி, எந்தப் பெரிய காரும் கொடுக்காதது.

பழைய இத்தாலிய நகரங்கள் குதிரைக்கும் கைவண்டிக்கும் போட்ட சந்துகள். ஜெனோவாவின் மேட்டுத் தெருக்களிலும் நேப்பிள்ஸின் துணி காயும் சந்துகளிலும் 1.32 மீட்டர் அகலம் என்பது பெரிய வரம். மற்றவர்கள் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஐந்நூறு இரண்டு வாசல்களுக்கு நடுவில் நுழைந்து நின்றுகொள்ளும்.

1960-இல் 499 சிசி எஞ்சினோடு 500 டி வந்தது. அதே ஆண்டு ஜியார்தினியெரா என்ற நீள மாடலும் வந்தது. அதில் எஞ்சினையே ஒருக்களித்துப் படுக்கவைத்து, அதன்மேல் சாமான் மேடை போட்டார்கள். கொத்தனாருக்கும் ரொட்டிக்காரருக்கும் அது லாரி. இதற்கு முன்பே, 1959-இல், இத்தாலியின் பெரிய வடிவமைப்பு விருதான கொம்பாஸோ தோரோ ஐந்நூறுக்காக ஜாகோசாவுக்குக் கிடைத்தது. ஒரு சோபாவோ விளக்கோ வாங்கக்கூடிய பரிசை, மலிவு விலைக் கார் ஒன்று வாங்கியது.

அந்த ஆண்டுகளில் இத்தாலி அடையாளம் தெரியாமல் மாறியது. 1950-இல் நாடு முழுவதும் சுமார் 3,40,000 கார்கள். 1964-இல் 46 லட்சத்துக்கு மேல். தெற்கே சிசிலி, கலாப்ரியா, புலியா கிராமங்களிலிருந்து ஜனங்கள் ரயிலேறி டூரினுக்கு வந்து குவிந்தார்கள். 1951-இல் ஏறக்குறைய 7,20,000 பேர் இருந்த நகரம் 1961-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பலர் ஃபியட்டின் மிராஃபியோரி ஆலையில் நின்று, தங்களால் வாங்க முடியுமா என்று தெரியாத காருக்குத் திருகாணி முடுக்கினார்கள். பிறகு மாதா மாதம் கட்டும் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டு அதையே வாங்கினார்கள். 1964 அக்டோபர் 4-இல் மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை சூரிய நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. ஆகஸ்ட் விடுமுறையில் ஆலை மூடியதும் கூரைக் கேரியரில் பெட்டிகளைக் கட்டி, பின்னால் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு, தெற்கு நோக்கிச் சின்னக் கார்களின் வரிசை கிளம்பும். சொந்த ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு ரயிலில் போன மகன் தன் காரில் திரும்பி வருகிறான். ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும். அந்தக் கண்ணாடி இறங்க வேண்டும், சக்கரம் மின்ன வேண்டும் என்று 1957-இல் ஜனங்கள் கேட்டது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

பிறகு வந்த மாற்றங்கள் சின்னவை. 1968-இல் கொஞ்சம் அலங்காரமான 500 எல், 1972-இல் கடைசி மாடல் 500 ஆர். அந்த ஆண்டே அதன் இடத்துக்கு ஃபியட் 126 வந்துவிட்டது. ஆனாலும் ஐந்நூறை வாங்குவதை ஜனங்கள் நிறுத்தவில்லை. கியர் அலறினாலும், பின்சீட்டில் முழங்கால் இடித்தாலும் அதுவே வேண்டும் என்றார்கள். தென்கோடியில், சிசிலித் தீவின் தெர்மினி இமெரேஸே ஆலையில், 1975 ஆகஸ்ட் 4-ஆம் தேதி கடைசி ஐந்நூறு வெளியே வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் 38 லட்சத்துக்கும் மேல்.

டூரினுக்கு ரயிலேறிப் போனவர்களின் தீவிலேயே அந்தக் காரின் கடைசி வண்டி முடிந்தது. அதன் எஞ்சின் மட்டும் முடியவில்லை. அதே இரண்டு சிலிண்டர், அதே காற்றுக் குளிர்ச்சி, கொஞ்சம் பெருத்து 126-க்குள் ஏறி, இரும்புத் திரையைத் தாண்டி போலந்துக்குப் போனது. அங்கே அதற்கு மலூக், சின்னப் பயல், என்று செல்லப்பெயர். ஒரு காருக்காக ஆண்டுக்கணக்கில் முன்பணம் கட்டிக் காத்திருந்த அந்த ஜனங்களை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)